ஏன் இங்கே, ஏன் இத்தனை? சூழலியல் என்னும் அறிவியலுக்கு ஓர் அறிமுகம்

ஒரு குளத்தில் அல்லி படர்ந்திருக்கிறது. பக்கத்துக் குளத்தில் ஒன்றுகூட இல்லை. ஒரு வருடம் வெட்டுக்கிளி கண்ணில் படுவதே அரிது. இன்னொரு வருடம் வயலையே மொட்டையடித்துவிட்டுப் போகிறது. மலையின் ஒரு சரிவில் மரம் அடர்ந்திருக்க, எதிர்ச்சரிவில் வெறும் புல். இவற்றைப் பார்த்ததும் எழும் இரண்டு கேள்விகள்தான் சூழலியலின் அடித்தளம். இந்த உயிரினம் ஏன் இங்கே இருக்கிறது, ஏன் அங்கே இல்லை? இருக்கிற இடத்தில் ஏன் இத்தனை இருக்கிறது, ஏன் கூடவோ குறைவாகவோ இல்லை? உணவு வலை, இரை–வேட்டையாடி உறவு, நைட்ரஜன் சுழற்சி என்று பாடப்புத்தகத்தில் வரும் எல்லாமே இந்த இரண்டு கேள்விகளுக்கு விடை தேடப் போய்ச் சேர்ந்தவைதாம்.

விடையை நான்கு இடங்களில் தேட வேண்டும். முதலில், அந்த உயிரினத்தால் அங்கே வந்து சேர முடிந்ததா? விதை காற்றிலோ நீரிலோ பறவையின் வயிற்றிலோ வர வேண்டும். வழி இல்லையென்றால் இடம் எவ்வளவு தோதாக இருந்தும் பயனில்லை. அடுத்து, அங்குள்ள வெப்பம், ஈரம், உப்பு, ஒளி, மண்ணின் அமிலத்தன்மை ஆகியவற்றை அதன் உடல் தாங்குமா? மூன்றாவதாக, உடல் தாங்கினாலும் அங்கே ஏற்கெனவே வாழும் மற்ற உயிர்கள் அதை வாழவிடுமா? தின்பவை, போட்டியிடுபவை, நோய் தருபவை, உதவுபவை என நான்கு வகையும் இதில் அடங்கும். கடைசியாக, அந்த இடத்தின் கடந்தகாலம்: எப்போது தீ எரிந்தது, எப்போது வெள்ளம் வந்தது, எந்த இனம் முதலில் குடியேறியது. புதிதாகப் படிக்க வருபவர்கள் நேராக இரண்டாவது காரணத்துக்குத் தாவிவிடுகிறார்கள். "அங்கே தட்பவெப்பம் ஒத்துவரவில்லை" என்ற விடை பாதி நேரம் சரி, மீதி நேரம் தவறு. அது தவறாகும் இடங்களில்தான் இந்தத் துறை சுவாரசியமாகிறது.

தொடங்கும் முன் ஒரு குழப்பத்தை நீக்கிவிட வேண்டும். சூழலியலும் சுற்றுச்சூழல் பாதுகாப்பும் ஒன்றல்ல. காட்டைக் காப்பாற்ற வேண்டும் என்பது ஒரு விருப்பம், ஒரு மதிப்பீடு. அந்தக் காட்டில் எத்தனை மரங்கள் உள்ளன, ஆண்டுக்கு எத்தனை முளைக்கின்றன, எத்தனை சாகின்றன, யானை இல்லாமல் போனால் எந்த மரத்தின் விதை பரவாது என்பவை அளந்து சொல்லக்கூடியவை. இவற்றை அளப்பதுதான் சூழலியல். பாதுகாப்புப் பணிக்கு இந்த அறிவு இன்றியமையாதது என்பதால்தான் இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. விருப்பம் அளவீட்டுக்குள் புகுந்துவிட்டால் அந்த அளவீட்டை வைத்து எதையும் காப்பாற்ற முடியாது.

ஜெர்மானிய விலங்கியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் 1866-இல் இத்துறைக்குப் பெயர் சூட்டினார். ஆனால், உயிரினங்களைப் பார்த்துக் குறிப்பெடுப்பதாக இருந்த வேலை, காரணத்தைச் சோதித்துப் பார்க்கும் அறிவியலாக உருமாறியது பெரும்பாலும் 20-ஆம் நூற்றாண்டில்தான்.

ஒரு கரை, இரண்டு கொட்டலசுகள்

சோதித்துப் பார்ப்பது என்றால் என்னவென்று விளங்க, சூழலியலாளர் ஜோசப் கானல் ஸ்காட்லாந்தின் கும்ப்ரே தீவுக் கரையில் செய்து 1961-இல் வெளியிட்ட ஆய்வைப் போன்ற நல்ல எடுத்துக்காட்டு வேறில்லை. கொட்டலசு என்பது நண்டு, இறால் கூட்டத்தைச் சேர்ந்த சிற்றுயிர். இளம்பருவத்தில் கடலில் நீந்தித் திரியும். பிறகு பாறையில் ஒட்டிக்கொண்டு, சுற்றிலும் சுண்ணாம்பு ஓடு கட்டி, சாகும்வரை அங்கேயே இருக்கும். அந்தக் கரைப் பாறைகளில் இரண்டு வகைகள் பட்டை பட்டையாகப் பிரிந்து கிடந்தன. மேலே, ஓதம் வடிந்தபின் நெடுநேரம் காய்ந்து கிடக்கும் பகுதியில் சிறிய தமாலஸ். கீழே, பெரும்பாலும் நீரில் மூழ்கியிருக்கும் பகுதியில் பெரிய பலானஸ்.

மேம்போக்காகப் பார்த்தால் தமாலஸுக்கு வறட்சி பிடிக்கும், பலானஸுக்கு ஈரம் பிடிக்கும் என்று முடித்துவிடலாம். ஆனால் தமாலஸின் இளம் உயிர்கள் கீழ்ப்பட்டையிலும் வந்து ஒட்டத்தான் செய்தன. வளர்ந்தவைதான் அங்கே இல்லை. கானல், தமாலஸ் ஒட்டியிருந்த கற்களைக் கீழ்ப்பட்டையில் வைத்தார். ஒவ்வொரு கல்லிலும் ஒரு பாதியில் பலானஸ் வந்து ஒட்டஒட்ட அகற்றினார். மறுபாதியைத் தொடாமல் விட்டார். அகற்றிய பாதியில் தமாலஸ் கீழ்ப்பட்டையிலும் நன்றாகப் பிழைத்தது. தொடாத பாதியில், வேகமாக வளரும் பலானஸ் அதன்மேல் படர்ந்து மூடியது, அடியில் நுழைந்து நெம்பியது, பக்கவாட்டில் நெருக்கி நசுக்கியது. ஆக, தமாலஸைக் கீழே வரவிடாமல் தடுப்பது போட்டி. பலானஸை மேலே ஏறவிடாமல் தடுப்பது வறட்சி. ஒரே கரையில் ஓர் எல்லைக்கு உயிருள்ள காரணம், இன்னொன்றுக்கு உயிரற்ற காரணம்.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, கல்லை இரு பாதியாகப் பிரித்தது. இரண்டு பாதியிலும் வெயில், அலை, உப்பு எல்லாம் ஒன்றே. பலானஸ் இருப்பதும் இல்லாததும் மட்டுமே வேறுபாடு. வேறு கல்லோடு ஒப்பிட்டிருந்தால் அந்தக் கல் சற்று உயரத்தில் இருந்தது, நிழலில் இருந்தது என்ற சந்தேகம் நீங்கியிருக்காது. இன்னொன்று, போட்டி என்பது அது வெற்றிகரமாக நடந்து முடிந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாது. தோற்ற இனம் அங்கே இருக்காதே! ஒன்றை அகற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

ஓர் உயிரினத்தின் உடல் தாங்கக்கூடிய நிலைமைகளின் முழுத் தொகுப்பை அடிப்படைச் செயல்வாழிடம் என்றும், மற்ற உயிர்களின் நெருக்கடிக்குப் பின் அதற்கு உண்மையில் மிஞ்சுவதை நிகழ் செயல்வாழிடம் என்றும் சொல்வார்கள். இந்தப் பிரிவினையை 1957-இல் தெளிவாக வகுத்தவர் ஈவ்லின் ஹட்சின்சன். தமாலஸின் அடிப்படைச் செயல்வாழிடம் மேலும் கீழும்; நிகழ் செயல்வாழிடம் மேலே மட்டும். வாழிடம் என்பதோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. வாழிடம் ஓர் இடம். செயல்வாழிடம் அந்த இனத்துக்கு வேண்டிய நிலைமைகள், உணவு, நேரம், உறவுகள் அனைத்தின் கணக்கு.

எந்த மட்டத்தில் கேட்கிறோம்?

தனி உயிர், இனத்தொகை, உயிரினச் சமுதாயம், சூழல்மண்டலம், நிலப்பரப்பு, உயிர்க்கோளம் என்று படிப்படியாக அடுக்குவது வழக்கம். ஒரே இனத்தைச் சேர்ந்து ஓரிடத்தில் வாழ்பவை இனத்தொகை. அவ்விடத்து எல்லா இனங்களும் சேர்ந்தது சமுதாயம். அதோடு நீர், மண், காற்று, ஆற்றல் எல்லாம் சேர்ந்தால் சூழல்மண்டலம். அடுக்கை மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வொரு மட்டத்துக்கும் தனி அளவைகள் உண்டு என்பதை மனத்தில் வைப்பது பயன்தரும். ஒரு மானுக்கு வயது உண்டு, எடை உண்டு. பிறப்பு விகிதமும் அடர்த்தியும் மான் கூட்டத்துக்கே உண்டு. இன வளம், அதாவது எத்தனை இனங்கள் உள்ளன என்பது, சமுதாயத்துக்கே உண்டு.

இனத்தொகையின் கணக்கு நான்கே எண்களில் அடங்கும்: பிறப்பும் வருகையும் கூட்டும், இறப்பும் வெளியேற்றமும் குறைக்கும். தடையே இல்லையென்றால் எந்த உயிரும் வட்டிக்கு வட்டி போல் பெருகும். தடை வரும்போது வளர்ச்சி எப்படி மாறும் என்பதை ஒரு சிறு கணக்கில் பார்க்கலாம். ஓர் ஏரி அதிகபட்சம் 1,000 மீன்களைத் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம், இது தாங்குதிறன். தடையில்லாத வளர்ச்சி வீதம் ஆண்டுக்கு 0.5. ஆண்டுப் பெருக்கம் = வீதம் × எண்ணிக்கை × (தாங்குதிறனில் இன்னும் காலியாக உள்ள பங்கு). 100 மீன்கள் இருக்கும்போது: 0.5 × 100 × 0.9 = 45. 500 இருக்கும்போது: 0.5 × 500 × 0.5 = 125. 900 இருக்கும்போது: 0.5 × 900 × 0.1 = 45. பெற்றோர் அதிகமாக இருந்தால் குஞ்சு அதிகம் என்ற எளிய எண்ணம் இங்கே உடைகிறது. பெருக்கம் உச்சத்தில் இருப்பது தாங்குதிறனில் பாதி இருக்கும்போதுதான்.

இதைப் பார்த்ததும், எப்போதும் 500 மீனை நிறுத்தி ஆண்டுக்கு 125 பிடிக்கலாமே என்று தோன்றும். மீன்வள மேலாண்மை நெடுங்காலம் இந்த எண்ணத்தின் மீதுதான் நடந்தது. ஏன் சறுக்குகிறது? தாங்குதிறன் ஆண்டுக்காண்டு மாறுகிறது. மீன் எண்ணிக்கை நேரடியாகத் தெரியாது, மதிப்பீடுதான். 500 என்று நினைத்தது உண்மையில் 400 என்றால் அந்த ஆண்டுப் பெருக்கம் 120, பிடிப்பது 125. இருப்பு 395 ஆகும். அடுத்த ஆண்டுப் பெருக்கம் இன்னும் குறையும், பிடிப்பு மட்டும் அதே 125. முதலில் மெதுவாகச் சரிந்து, பிறகு வேகமாகச் சரியும். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் காட் மீன் வளம் குலைந்து 1992-இல் மீன்பிடிப்பையே நிறுத்த வேண்டி வந்தது. இருப்பை மிகையாக மதிப்பிட்டது அதன் காரணங்களில் ஒன்று. மிஞ்சிய மீன்கள் ஓரிடத்தில் திரண்டன, கப்பல்களின் தேடுகருவிகளும் மேம்பட்டன; அதனால் கடலில் மீன் குறைந்தபோதும் வலையில் விழுந்தது உடனே குறையவில்லை.

சமுதாய மட்டத்தில் கேள்வி மாறுகிறது: இத்தனை இனங்கள் எப்படி ஒன்றாக இருக்கின்றன? ராபர்ட் பெயின் 1963-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கடற்கரையில், மக்கா விரிகுடாவில், பாறையின் ஒரு பகுதியிலிருந்து பிசாஸ்டர் என்ற நட்சத்திர மீனைத் தொடர்ந்து அகற்றி வந்தார். பக்கத்துப் பகுதியை அப்படியே விட்டார். அகற்றிய பகுதியில் 15 இனங்கள் 8 ஆகக் குறைந்தன. நட்சத்திர மீனின் விருப்ப உணவு மட்டிச் சிப்பி. தின்ன ஆளில்லாததும் மட்டி பாறை முழுவதையும் பிடித்துக்கொண்டு மற்றவற்றை வெளியே தள்ளியது. எண்ணிக்கையில் குறைவாக இருந்தும் சமுதாயத்தின் வடிவத்தையே நிர்ணயிக்கும் இப்படிப்பட்ட இனத்துக்கு 1969-இல் அவர் மூலக்கல் இனம் என்று பெயரிட்டார். இப்போது அந்தப் பெயரைக் கவர்ச்சியான எந்த விலங்குக்கும் சூட்டுகிறார்கள். அது சரியல்ல. தன் எண்ணிக்கைக்கும் எடைக்கும் பொருந்தாத அளவு பெரிய விளைவு உண்டு என்று காட்டினால்தான் ஓர் இனம் மூலக்கல் இனம். காடு முழுவதும் நிறைந்திருக்கும் மரம் முக்கியமானதுதான், ஆனால் அது மூலக்கல் இனம் ஆகாது.

ஆற்றல் ஒருவழி, பொருள் சுழற்சி

சூழல்மண்டலம் என்ற கருத்தை 1935-இல் ஆர்தர் டான்ஸ்லி முன்வைத்தார். 1942-இல் ரேமண்ட் லிண்டமன், மின்னசோட்டாவின் ஒரு சிறு ஏரியை வைத்து, உணவுச் சங்கிலியை ஆற்றல் ஓட்டமாகக் கணக்கிட்டுக் காட்டினார். தாவரம் 10,000 கிலோகலோரி சேர்த்து வைத்தால், அதைத் தின்பவற்றின் உடலில் ஏறத்தாழ 1,000, அவற்றைத் தின்பவற்றில் 100, அடுத்து 10. மீதி எங்கே போகிறது? ஒரு பகுதி தின்னப்படாமலே மடிகிறது, ஒரு பகுதி செரிக்காமல் வெளியேறுகிறது, பெரும்பகுதி மூச்சுவிடவும் நகரவும் உடல் வெப்பத்துக்கும் செலவாகிறது. சங்கிலிகள் நான்கைந்து கண்ணிகளுக்கு மேல் நீளாமல் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இந்தப் பத்து விழுக்காட்டைச் சட்டம் போல் எடுத்துக்கொள்ளக் கூடாது. அது தோராயமான சராசரி; உயிரினத்தையும் இடத்தையும் பொறுத்து வெகுவாக மாறும். உடல் சூட்டைத் தானே பராமரிக்கும் பறவைகளும் பாலூட்டிகளும் தின்றதில் மிகச் சிறிய பங்கையே உடலாக மாற்றுகின்றன. பூச்சிகளும் மீன்களும் கூடுதலாக மாற்றுகின்றன. இன்னொரு தடுமாற்றம் கடலில் நேரும். அங்கே ஒரு நாளில் எடுத்து எடைபோட்டால் மிதவைத் தாவரங்களைவிட அவற்றைத் தின்னும் மிதவை விலங்குகள் அதிகமாக இருக்கக்கூடும். பிரமிடு தலைகீழாகத் தெரியும். காரணம், மிதவைத் தாவரங்கள் ஓரிரு நாளில் இரட்டிப்பாகி, அதே வேகத்தில் தின்னப்படுகின்றன. நிற்கும் எடை குறைவு, ஓடும் அளவு அதிகம். எடைப் பிரமிடு கவிழலாம். ஆற்றல் பிரமிடு கவிழாது.

ஆற்றல் வெப்பமாகி வெளியேறிவிடும். கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் போன்றவையோ உடலிலிருந்து மண்ணுக்கும் நீருக்கும், மறுபடி உடலுக்கும் சுற்றி வருகின்றன. நீர்நிலைகளில் பாசி பெருகுவதற்கு இவற்றில் எது காரணம் என்ற சர்ச்சை 1960-களில் கடுமையாக இருந்தது. சலவைத்தூளில் பாஸ்பரஸ் அடங்கிய பாஸ்பேட் இருந்ததால் அது பணம் சம்பந்தப்பட்ட கேள்வியும்கூட. கனடாவின் ஒன்டாரியோவில் ஆய்வுக்காகவே ஒதுக்கப்பட்ட ஏரிகளில் டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் 1973-இல் 226-ஆம் எண் ஏரியைத் தேர்ந்தெடுத்தார்கள். உடுக்கை போல் நடுவில் ஒடுங்கிய ஏரி அது. ஒடுங்கிய இடத்தில் பிளாஸ்டிக் திரை ஒன்றை மேலிருந்து அடிவரை கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். இரு பக்கத்திலும் கார்பனும் நைட்ரஜனும் சேர்த்தார்கள். ஒரு பக்கத்தில் மட்டும் பாஸ்பரஸும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் விழுந்த பக்கம் நீலப்பச்சைப் பாசி பெருகி, வானிலிருந்து எடுத்த படத்தில் பாதி ஏரி நிறம் மாறித் தெரிந்தது. மறுபக்கம் தெளிவாகவே இருந்தது. கார்பனைக் காற்றிலிருந்தே பாசி எடுத்துக்கொள்ளும். நைட்ரஜனையும் சில நீலப்பச்சைப் பாசிகள் காற்றிலிருந்து நிலைப்படுத்திக்கொள்ளும். பாஸ்பரஸுக்குக் காற்றில் சேமிப்பு கிடையாது. அதனால் கையிருப்பில் மிகக் குறைவாக உள்ள அந்த ஒன்றே வளர்ச்சியின் எல்லையைத் தீர்மானித்தது.

காட்டிலும் இதே வகைக் கேள்வி கேட்கப்பட்டது. அமெரிக்காவின் நியூஹாம்ப்ஷயரில் ஹப்பர்ட் புரூக் காட்டில், ஒரு சிறு ஓடையின் நீர்ப்பிடிப்பு முழுவதிலும் 1965-66 குளிர்காலத்தில் மரங்களை வெட்டி, மறுபடி முளைக்காதபடி களைக்கொல்லி தெளித்தார்கள். ஓடைநீரில் நைட்ரேட் பல பத்து மடங்கு உயர்ந்தது. வேர்கள் உறிஞ்சிக்கொண்டிருந்தவரை மண்ணில் தங்கிய சத்து, உறிஞ்ச ஆளில்லாததும் மழைநீரோடு போய்விட்டது. காடு சத்தைப் பிடித்து வைத்திருக்கிறது என்பது அதுவரை ஓர் ஊகம். இந்த அளவீட்டுக்குப் பின் அது எண்.

களத்தில் எண்ணுவது

பெரும்பாலான தவறுகள் நடப்பது இங்கேதான். எல்லாவற்றையும் எண்ண முடியாது. ஒரு பகுதியை எண்ணி முழுமையை ஊகிக்க வேண்டும்.

அசையாத உயிர்களுக்குச் சதுரச் சட்டம். புல், சிறு செடிகளுக்கு 1 மீட்டர் × 1 மீட்டர், புதர்களுக்கு 5 × 5, மரங்களுக்கு 10 × 10 மீட்டர் என்பது வழக்கம். நிலத்தின் இரு பக்கங்களில் அளவுநாடா போட்டு, சமவாய்ப்பு எண்களால் ஆயங்களைத் தேர்ந்தெடுத்து, அந்தப் புள்ளியில் சட்டத்தை வைக்க வேண்டும். சட்டத்தைக் கண்ணை மூடி வீசினால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். கை தானாகவே திறந்த, நடக்க எளிதான இடத்தை நோக்கி வீசும். முட்புதர் எப்போதும் விட்டுப்போகும். சட்டத்தின் விளிம்பில் நிற்கும் செடியை எண்ணுவதா வேண்டாமா என்பதற்கும் முன்கூட்டியே விதி வேண்டும். இடது, கீழ் விளிம்புகளைத் தொடுபவை உள்ளே. வலது, மேல் விளிம்புகளைத் தொடுபவை வெளியே என்று வைத்தால் போதும். விளிம்பில் உள்ள எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டால் அடர்த்தி கூடித் தெரியும். சட்டம் சிறிதாக ஆக இந்தப் பிழை பெரிதாகும்.

600 சதுர மீட்டர் நிலத்தில் 1 சதுர மீட்டர் சட்டத்தை 20 இடங்களில் வைத்து, மொத்தம் 86 செடிகள் எண்ணினால் அடர்த்தி சதுர மீட்டருக்கு 4.3, நிலம் முழுவதற்கும் சுமார் 2,580. 20 சட்டங்களில் 12-இல் செடி இருந்தால் அலைவெண் 60 விழுக்காடு. சராசரியோடு நின்றுவிடாமல், சட்டங்களுக்கிடையே எண்ணிக்கை எவ்வளவு சிதறியிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். மாறுபாட்டை (இந்தச் சிதறலின் புள்ளியியல் அளவை) சராசரியால் வகுத்தால் 1-க்கு அருகே வருவது சமவாய்ப்புப் பரவல். 1-ஐவிட வெகுவாகக் கூடினால் செடிகள் கும்பல் கும்பலாக நிற்கின்றன. குறைந்தால் சீரான இடைவெளியில் நிற்கின்றன. இயற்கையில் கும்பல்தான் அதிகம். விதை தாய்ச்செடியின் அருகே விழுவதும், ஈரம் திட்டுத் திட்டாக இருப்பதும் காரணம்.

ஓடும், பறக்கும் உயிர்களுக்குக் குறியிட்டு மறுபடி பிடிக்கும் முறை. முதல் முறை 40 எலிகளைப் பிடித்துக் குறியிட்டு விடுகிறோம். சில நாள் கழித்து 50 பிடிக்கிறோம். அதில் 10-இல் குறி இருக்கிறது. பிடிபட்டதில் ஐந்தில் ஒரு பங்கு குறியிட்டவை என்றால், மொத்தக் கூட்டத்திலும் ஐந்தில் ஒரு பங்கு குறியிட்டவையாக இருக்க வேண்டும். ஆக 40 × 50 ÷ 10 = 200. மறுபிடிப்பு குறைவாக இருக்கும்போது இந்தச் சூத்திரம் மிகையாகச் சொல்லும் என்பதால் திருத்திய வடிவத்தைப் பயன்படுத்துவது நல்லது: (41 × 51 ÷ 11) − 1 = 189.

இந்த எண் நம்பத்தக்கதா என்பது நான்கு நிபந்தனைகளைப் பொறுத்தது. குறி அழியக் கூடாது; இடைக்காலத்தில் பிறப்பு, இறப்பு, வரத்து, போக்கு பொருட்படுத்தத்தக்க அளவில் இருக்கக் கூடாது; விட்டவை கூட்டத்தோடு நன்கு கலந்திருக்க வேண்டும்; எல்லாவற்றுக்கும் பிடிபடும் வாய்ப்பு ஒன்றாக இருக்க வேண்டும். எது மீறப்பட்டால் பிழை எந்தப் பக்கம் சாயும் என்று யோசித்துப் பழக வேண்டும். குறி உதிர்ந்தால் மறுபிடிப்பு குறையும், மதிப்பீடு ஏறும். பொறியில் இரை சுவைத்த எலி மறுபடி மறுபடி வந்தால் மறுபிடிப்பு கூடும், மதிப்பீடு இறங்கும். ஒருமுறை மிரண்ட எலி பொறிப் பக்கமே வராவிட்டால் மறுபடியும் ஏறும்.

தென்படவில்லை என்பதை இல்லை என்று எழுதுவது இன்னொரு பெரும்பிழை. ஒரு பறவையை ஒருமுறை போய் வந்தால் காணும் வாய்ப்பு 40 விழுக்காடு என்று கொள்வோம். இருந்தும் தென்படாமல் போகும் வாய்ப்பு 60. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று முறை போனால் அது 0.6 × 0.6 × 0.6, சுமார் 22 விழுக்காடு. ஐந்து முறை போனால் சுமார் 8. ஒரே முறை போய் வந்து போட்ட பட்டியலை வைத்து ஓர் இனம் அழிந்தது என்று சொல்ல முடியாததற்கு இதுவே காரணம். அதனால்தான் எத்தனை மணி நேரம், எத்தனை பேர், என்ன வானிலை என்ற முயற்சிக் குறிப்பு எண்ணிக்கைக்குச் சமமாக முக்கியம்.

ஒரு சொல் பரிசோதனை அமைப்பு பற்றியும். தீ எரிந்த ஒரு நிலத்தில் 50 சட்டங்கள், எரியாத ஒரு நிலத்தில் 50 சட்டங்கள் வைத்து ஒப்பிட்டால் மாதிரி 50 என்று தோன்றும். ஆனால் தீ எரிந்தது ஒரு நிலத்தில் மட்டுமே. ஆகவே மாதிரி எண்ணிக்கை ஒன்றுதான். இரு நிலங்களுக்கும் இடையே மண்ணும் சரிவும் வேறாக இருந்தால் அந்த வேறுபாடும் தீயின் கணக்கில் சேர்ந்துவிடும். இதைப் போலி மறுபதிவு என்று ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984-இல் சுட்டிக்காட்டினார். இன்றும் இது குறையவில்லை. மேலே சொன்ன 226-ஆம் ஏரியும் ஒரே ஏரிதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதன் முடிவை ஏற்றுக்கொண்டது அந்த ஒரு படத்துக்காக அல்ல. விளைவு மிகப் பெரிது, அதன் இயங்குமுறை வேதியியலோடு பொருந்தியது, மற்ற ஏரிகளில் செய்த ஆய்வுகளும் பாஸ்பரஸ் குறைக்கப்பட்ட நீர்நிலைகள் தெளிந்ததும் அதே பக்கம் சுட்டின.

அக்கம்பக்கத்துத் துறைகள்

ஏன் இங்கே என்ற கேள்வியை உடலளவில் தொடர்ந்தால் உடலியங்கியலுக்குப் போய்ச் சேர்வோம்: பலானஸ் எத்தனை மணி நேரம் காய்ந்து கிடந்தால் சாகும் என்பது அந்தத் துறையின் வேலை. தலைமுறைகளாகத் தொடர்ந்தால் பரிணாம உயிரியல். டிரினிடாட் தீவின் ஓடைகளில் வேட்டை மீன்கள் மிகுந்த இடத்துக் கப்பி மீன்கள் சீக்கிரம் பருவமடைந்து சிறிய குஞ்சுகளை நிறைய ஈனுகின்றன. வேட்டை குறைந்த ஓடைக்கு மாற்றினால், சில பத்துத் தலைமுறைக்குள் பருவமடைவது தாமதமாகிறது. சூழலியல் அழுத்தமும் பரிணாமமும் ஒரே கால அளவில் நடக்க முடியும் என்பதற்கு இது கண்கூடான சான்று.

இடத்தை விரித்துப் பார்ப்பது உயிர்ப்புவியியல். ராபர்ட் மக்கார்தரும் எட்வர்ட் வில்சனும் 1967-இல், ஒரு தீவின் இன எண்ணிக்கை வருகைக்கும் அழிவுக்கும் இடையிலான சமநிலை என்று விளக்கினார்கள். சிறிய தீவில் அழிவு அதிகம், தொலைவுத் தீவுக்கு வருகை குறைவு. டேனியல் சிம்பர்லாஃப் வில்சனோடு சேர்ந்து ஃபுளோரிடாவின் குட்டி அலையாத்தித் தீவுகளைக் கூடாரத் துணியால் மூடிப் புகைமருந்தடித்து, பூச்சிகள் எல்லாவற்றையும் ஒழித்துவிட்டு, யார் திரும்பி வருகிறார்கள் என்று பார்த்தார். ஏறத்தாழ ஓராண்டில் இனங்களின் எண்ணிக்கை பெரும்பாலும் பழைய அளவுக்கே திரும்பியது. ஆனால் வந்த இனங்கள் பலவும் வேறு. துண்டுதுண்டான காடுகளைப் பற்றிப் பேசும் பாதுகாப்பு உயிரியல் இந்தக் கோட்பாட்டிலிருந்து நிறைய எடுத்துக்கொண்டது. காடு தீவல்ல, சுற்றியுள்ள வயல் கடலல்ல என்பதை மறந்த இடங்களில் தவறியும் இருக்கிறது.

பொருள் சுழற்சியைத் தொடர்ந்தால் மண்ணியல், நீரியல், ஏரியியல், வளிமண்டல வேதியியல். ஹவாயின் மவுனா லோவாவில் 1958 முதல் அளக்கப்படும் கார்பன் டை ஆக்சைடு, மில்லியனில் சுமார் 315 பங்கிலிருந்து 420-ஐத் தாண்டிவிட்டது. அந்தக் கோடு நேராக ஏறாமல் ஆண்டுதோறும் ரம்பப் பல் போல ஏறி இறங்குகிறது. வடகோளத் தாவரங்கள் கோடையில் கார்பனை உள்ளிழுப்பதும் குளிர்காலத்தில் சிதைவும் சுவாசமும் வெளிவிடுவதும்தான் அந்தப் பற்கள். வானிலை நிலையத்தின் வரைபடம் ஒன்றில் ஒரு கோளத்தின் காடுகள் சுவாசிப்பது பதிவாகியிருக்கிறது.

நச்சியல் இணைந்தபோது உயிர்வழிப் பெருக்கம் புரிந்தது. டிடிடி என்ற பூச்சிக்கொல்லி நீரில் கரையாது, கொழுப்பில் கரையும், எளிதில் சிதையாது. இந்த மூன்று குணமும் சேர்ந்ததால் ஒவ்வொரு கண்ணியிலும் அது செறிவாகி, உச்சியில் உள்ள வல்லூறு, கூழைக்கடா போன்றவற்றின் முட்டையோட்டை மெலிதாக்கியது. அமெரிக்கா 1972-இல் அதன் பொதுப் பயன்பாட்டைத் தடை செய்தது. நீரில் கரைந்து வெளியேறும் நஞ்சு கொடியதாக இருந்தாலும் இப்படிச் சேராது. எல்லா நஞ்சும் உச்சியில் குவியும் என்று பொதுவாகச் சொல்வது பிழை.

வேளாண்மை, வனவியல், மீன்வளம் ஆகியவை சூழலியலைப் பயன்படுத்தும் துறைகள். நோய்ச் சூழலியல் கிருமியை ஓர் உயிரினமாகவும் நம் உடலை அதன் வாழிடமாகவும் வைத்து அதே கணக்குகளைப் போடுகிறது. தொல்சூழலியல் ஏரிச் சேற்றில் அடுக்கடுக்காகப் புதைந்த மகரந்தத்தைப் படித்துப் பழைய காட்டை மீட்டுச் சொல்கிறது. சுற்றுச்சூழல் அறிவியல் இவை எல்லாவற்றையும்விட அகலமானது: மாசு, கழிவு, சட்டம், பொறியியல், பொருளாதாரம் எல்லாம் அதில் உண்டு, சூழலியல் அதன் ஓர் அங்கம். ஓர் ஆற்றுநீரில் ஈயம் எவ்வளவு என்று அளந்து வடிகட்டும் வழி சொல்வது சுற்றுச்சூழல் அறிவியல். அந்த ஈயத்தால் எந்தப் பூச்சி மறைந்தது, அதனால் எந்த மீன் குறைந்தது என்று தேடுவது சூழலியல்.

படிக்கத் தொடங்குபவர் முதலில் கைவசப்படுத்த வேண்டியவை இரண்டுதான். ஏதேனும் ஓர் உயிர்க்கூட்டத்தை, தட்டானோ புல்லோ எறும்போ, இனம் பிரித்தறியும் திறன். பெயர் தவறினால் அதன்மேல் கட்டும் கணக்கு முழுவதும் தவறும். அதோடு அடிப்படைப் புள்ளியியல்: சராசரி, மாறுபாடு, நம்பக இடைவெளி, ஒப்பீட்டுச் சோதனை. பிறகு ஒரு சிறு நிலத்தில் 20 சட்டங்கள் வைத்து, மாதம் ஒருமுறை அதே முறையில், அதே நேரத்தில் எண்ணுங்கள். செடி இல்லாத சட்டத்துக்கு 0 என்று எழுதுங்கள். கட்டத்தை வெறுமையாக விட்டால், இல்லை என்பதா எண்ணவில்லை என்பதா என்று ஆறு மாதம் கழித்து உங்களாலேயே சொல்ல முடியாது.